ஒரு பதில், ஒரு யூனிட்

அங்கணன் காம்பவுண்டின் எட்டு வீட்டு மீட்டர்களும் கரண்டை விட்டுவிட்டுப் பேச்சைக் கணக்கெடுக்க ஆரம்பித்தது ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மாவு விற்கும் பாவாயக்கா கிரைண்டரைப் போட்டுவிட்டு, அதைவிடச் சத்தமாகத் தன் மருமகனைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கிரைண்டர் ஓடும்போது அசையாமல் கிடந்த மீட்டரின் சிவப்புப் புள்ளி அக்கா வாயைத் திறந்ததும் மினுக்கியது, மூடியதும் நின்றது, மறுபடி திறந்ததும் மறுபடி மினுக்கியது. அக்கா நாலைந்து தரம் வாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, மருமகனுக்கு வைத்திருந்த மிச்சத் திட்டையெல்லாம் விழுங்கிக்கொண்டு மாவை வழிக்கப் போய்விட்டாள். ஏன் இப்படி ஆயிற்று என்று காம்பவுண்டில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்பதும் பேச்சுதான், அதற்கும் யூனிட் ஓடும் என்பது மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

நம் ஆட்கள் வெயிலைத் தாங்குவார்கள், கொசுவைத் தாங்குவார்கள், ஐநூறு யூனிட்டைத் தாண்டுவதை மட்டும் தாங்கமாட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஐநூறு வரைக்கும் ஒரு ரேட்டு, ஐநூற்று ஒன்று ஆகிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் இரட்டை ரேட்டு. இது அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே ஃபேனும் மிக்ஸியும் விடிய விடிய இலவசமாக ஓட, மனிதர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மூன்றாம் வீட்டுக் கோகிலவாணியால் மட்டும் மூட முடியவில்லை.

அவளுடைய மகள் சஷ்மிதாவுக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது, சொன்னது புரிந்தது, வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வரவில்லை. மாதம் இரண்டு முறை ஈரோட்டுக்குப் பஸ் ஏறிப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். "நாள் பூரா அவகிட்டப் பேசிட்டே இருங்க. அவ என்ன சத்தம் குடுத்தாலும் அதுக்குப் பதில் குடுங்க." கோகிலவாணி முதல் பாதியைத் தாலி மாதிரி கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாவது பாதி பஸ்ஸிலேயே எங்கேயோ விழுந்துவிட்டது, ஏனென்றால் சஷ்மி சத்தமே கொடுப்பதில்லை, கொடுக்காத சத்தத்துக்கு என்ன பதில்?

அவள் பேசினாள். அரிசி களையும்போது அரிசியைப் பற்றி, துணி உலர்த்தும்போது துணியைப் பற்றி, சும்மா இருக்கும்போது சும்மா இருப்பதைப் பற்றி. மார்கழியில் ரீடிங் எடுக்க வந்தவர் ஆயிரத்து நூறு என்று அட்டையில் எழுதிவிட்டு, அவளை ஏறிட்டுப் பார்க்கச் சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். மஞ்சள் மண்டியில் எடை போடும் அவள் புருஷன் மயில்சாமி பைக்கை விற்று பில்லைக் கட்டினான், அதன்பிறகு நடந்தே மண்டிக்குப் போனான், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஓடும் என்பதால் சொல்லவில்லையா, மனசால் சொல்லவில்லையா என்று கோகிலவாணிக்கு விளங்கவில்லை, அதுதான் அவளை அதிகமாக வருத்தியது.

யாரிடம் கரண்ட் வாங்குவது என்பதை நாமே பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஆகியிருந்த காலம் அது. தை பிறந்ததும் பேண்ட்டும் டையும் போட்ட ஆட்கள் ஒவ்வொருவராகக் காம்பவுண்டைத் தேடி வந்தார்கள். எட்டு வீட்டுக்கும் ஒரே போஸ்ட்டு, ஒரே லைன், அதனால் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே கம்பெனியைத்தான் எடுக்க வேண்டும், எடுத்தால் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது. உள்ளே பேசினால் மீட்டர் ஓடும் என்று எல்லாரும் பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குப் போய்க் கூட்டம் போட்டார்கள். ரிட்டையர்டு கண்டக்டர் சென்னிமலை தலைமை தாங்கினார், விசிலை இன்னும் சட்டைப்பையில் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

முதலில் வந்த கம்பெனி பொய்க்கு மட்டும் காசு வாங்குவதாகச் சொன்னது. நல்ல திட்டம்தான். ஆனால் ஆண்கள் எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள், பெண்கள் எல்லாரும் ஆண்களைப் பார்த்தார்கள், கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுத்த கம்பெனி கேள்விக்கு மட்டும் காசு என்றது. "கேள்விக்கு மட்டுமுங்களா?" என்று கண்டக்டரின் மனைவி நாச்சம்மாள் கேட்க, "அதோட ஒண்ணாச்சுங்க" என்று அந்த ஆள் சிரித்தான், அதோடு அதுவும் போயிற்று. மூன்றாவதாக வந்தவன் இளைஞன், பணிவானவன், அன்னபட்சி மின் வழங்கல் என்று அட்டை கொடுத்தான்.

"எங்களுதுல நீங்க எவ்வளவு வேணும்னாலும் பேசலாமுங்க. பேச்சு ஃப்ரீ. அதுக்கு வர்ற பதிலுக்குத்தான் காசு. ஒரு பதில், ஒரு யூனிட்."

"தலையாட்டுனா?" என்றார் கண்டக்டர்.

"தலையாட்டுனாக் காசில்லீங்க."

"ம்-னு சொன்னா?"

"அது பதிலுங்க சார். நம்ம பாஷையில பாதிப் பதிலு அதுதானுங்களே."

கூட்டம் யோசித்தது. அதுவரைக்கும் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காத கோகிலவாணி எழுந்தாள். எதிரே பஸ் ஒன்று நின்று புறப்பட்டுப் போகும் வரைக்கும் நின்றுவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நாம பேசறதுதானுங்க எச்சு, பதிலு கம்மி. பதிலு என்ன பெரிய பதிலு? நம்ம வீட்டுல யாரு யாருக்குங்க பதில் சொல்றாங்க?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எட்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அவளுக்கு உள்ளே இருந்த கணக்கு வேறு. பதிலே சொல்லாத குழந்தையிடம் நாள் முழுக்கப் பேசினாலும் ஒரு யூனிட் ஓடாது. அன்றைக்குச் சாயந்திரம் அவள் மகளை மடியில் உட்காரவைத்து மனசாரப் பேசினாள், மீட்டரின் சிவப்புப் புள்ளி செத்துப்போன மாதிரி கிடந்தது, அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

தையும் மாசியும் பொற்காலம். எல்லாரும் பேசினார்கள், யாரும் பதில் சொல்லவில்லை. "மாவு இருக்குதுங்கோ" என்று பாவாயக்கா வாசலைப் பார்த்துச் சொல்வாள், பாத்திரங்கள் வரும், மாவு போகும், ஒரு "சரிங்க" கிடையாது. அக்கா மருமகனைத் திட்டுவாள், அவன் எதிர்த்துப் பேசமாட்டான், சண்டை ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு நாளைக்கு எட்டுப் பதில் என்று ஒவ்வொரு வீடும் பங்கு போட்டுக்கொண்டது. அதற்குமேல் அவசியம் வந்தால், காலையில் பொண்டாட்டி கேட்டதற்குச் சாயந்திரம் ரோட்டு முக்கு வரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதில் சொல்லிவிட்டு வருவார்கள். வாசலில் சொல்லும் பதில் அந்தந்த வீட்டு மீட்டரில் ஏறும், முற்றத்தில் சொல்வது எட்டு வீட்டுக்கும் பொதுவான மீட்டரில் ஏறும் என்பதால் அங்கே யாராவது தெரியாமல் "ம்" என்றால்கூட ஏழு வீட்டு ஜன்னல்கள் முறைக்கும். கதை கேட்கிறவர்கள் ம் கொட்டுவது நின்றுபோயிற்று, ம் கொட்ட ஆளில்லாமல் கதை சொல்கிறவர்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். எல்லாரும் தலையாட்டக் கற்றுக்கொண்டார்கள். சஷ்மியும் கற்றுக்கொண்டாள், அம்மா பேசப் பேச அழகாகத் தலையாட்டினாள், கோகிலவாணி பூரித்துப்போனாள்.

பங்குனியில் ஒரு நாள் நாச்சம்மாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். "ஏனுங்க, விழுந்துட்டனுங்க, யாராச்சும் இருக்கறீங்களா?" என்று கூப்பிட்டாள். எட்டு வீட்டுக்கும் கேட்டது. எட்டு வீட்டிலிருந்தும் ஓடினார்கள், அதில் குறை சொல்ல முடியாது, கதவை உடைத்துத் தூக்கினார்கள், ஆட்டோ பிடித்தார்கள். ஆனால் கதவு உடைகிற வரைக்கும் ஒருவர்கூட "வர்றோம்" என்று சொல்லவில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நாச்சம்மாள் காம்பவுண்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்: "நான் செத்துட்டேன்னு நெனச்சுட்டனுங்க." அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. இப்படி ஒரு கேவலத்தை எழுத எனக்கே கூசுகிறது. ஆனால் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் நானும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

அந்தச் சித்திரையில் மூன்றாம் வீட்டுக்கு விதி உறவுக்காரர் ரூபத்தில் வந்தது. மயில்சாமியின் சித்தப்பா குடும்பத்தார் வைகாசிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார்கள், பதினோரு பேர். வந்தவர்கள் "நல்லா இருக்கறீங்களா" என்றால் இருக்கிறோம் என்று சொல்லாமல் இருக்க முடியுமா, "இன்னொரு தோசை வெய்யட்டுமா" என்று இவர்கள் கேட்டு அவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று மூன்று தரம் சொல்லாமல் கொங்குநாட்டில் யாராவது சாப்பிட்டிருக்கிறார்களா? அவர்கள் விடைபெற்று, வாசலில் நின்று மறுபடி விடைபெற்று, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து இன்னொரு தரம் விடைபெற்றுப் போனபோது தொண்ணூற்றாறு யூனிட் காலியாகியிருந்தது. மிச்சம் முப்பத்தொன்று, ரீடிங்குக்குப் பன்னிரண்டு நாள். ஐநூறைத் தாண்டினால் பில் இரட்டிப்பாகும், இந்த முறை விற்கப் பைக்கும் இல்லை. ஈரோட்டுப் பஸ் காசையும் பயிற்சி ஃபீஸையும்தான் எடுத்துக் கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்குப் பயிற்சி நிற்கும். ஆனியில் பள்ளிக்கூடம். பேசாத குழந்தையைச் சேர்க்கமாட்டோம் என்று ஹெச்செம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

கோகிலவாணி பயந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சம் பிடித்தாள்.

அந்தப் பன்னிரண்டில் ஐந்தாம் நாள், தங்கள் வாசலை ஒட்டிய துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த சஷ்மி, சுவரில் உட்கார்ந்திருந்த காக்கையைக் கையால் காட்டி "ஊ?" என்றாள். கடைசியில் மேலே ஏறுகிற சத்தம், ஒரு கேள்வி. கோகிலவாணிக்குக் கையிலிருந்த துணி நழுவியது. திரும்பிப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்துத் தலையாட்டினாள். "ஊ?" என்றாள் சஷ்மி மறுபடியும். மறுபடி தலையாட்டினாள். மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு, அம்மாவின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சஷ்மி கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் எதையும் காட்டிக் கேட்கவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் மீட்டர் சரியாக ஐநூறில் நின்றது. அன்றைக்கு நாலு மணிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்த கோகிலவாணி, வாசற்படியில் மகள் விளையாடுவதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சஷ்மி ரப்பர் பொம்மையை எதிரே உட்காரவைத்து அதனிடம் குசுகுசுவென்று ஏதோ சொன்னாள், சொல் இல்லை, சொல்லின் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது, அம்மா பேசுகிற மாதிரியே இருந்தது. பிறகு பொம்மை பதில் சொல்லப் போகிறது என்று நினைத்தவள்போலச் சட்டென்று அதன் வாயை விரலால் பொத்தினாள். இன்னொரு கையைத் தூக்கி மீட்டரைக் காட்டினாள்.

குடம் இடுப்பிலிருந்து எப்படி இறங்கியது என்று கோகிலவாணிக்குத் தெரியாது. டாக்டரம்மா சொன்னதில் பஸ்ஸில் விழுந்துபோன பாதி இப்போது வந்து அவள் நெஞ்சின்மேல் உட்கார்ந்தது. இந்தக் கம்பெனியைத் தேடி எடுத்தது யார்? எட்டு வீட்டையும் சிரிக்கவைத்துக் கையெழுத்து வாங்கியது யார்? குழந்தைக்கு இந்த உலகத்தில் தெரிந்ததெல்லாம் அங்கணன் காம்பவுண்டு, அங்கே பெரியவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள், யாரும் பதில் சொல்வதில்லை. அவளுக்குப் பேச்சு வராமல் இல்லை, பார்த்ததைச் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மயில்சாமி வந்ததும் அவனை ரோட்டு முக்குக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்குப் பதனோரு மணிக்கு ரீடிங் எடுத்துருவாங்க, அம்மிணி" என்றான். "அது வரைக்கும் பொறுத்துக்கோ. பொறவு இருக்கற எட்டுப் பதிலையும் தெனமும் அவளுக்கே குடுத்துரு. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"ஒரு நாள்தானுங்களே மாமா" என்றாள் அவள். நியாயமான பேச்சு. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் மயில்சாமி மண்டிக்கு லீவு போட்டுவிட்டு மீட்டருக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். மீட்டர் ஐநூறு காட்டியது. கோகிலவாணி வாயைத் திறக்கவே இல்லை, பேச்சு இலவசம்தான், ஆனால் பேசினால் குழந்தை ஏதாவது சத்தம் கொடுத்துவிடுமோ என்ற பயம். யோசித்துப் பாருங்கள், எந்தச் சத்தத்துக்காக நாலு வருஷம் கோயில் கோயிலாக ஏறினாளோ அந்தச் சத்தம் வந்துவிடக் கூடாது என்று அந்தத் தாய் அன்றைக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று ஆயிற்று, ரீடிங்காரர் வரவில்லை. பதினொன்றரை ஆயிற்று, பக்கத்துத் தெருவில் அவருடைய சைக்கிள் நிற்பதாக யாரோ சைகை காட்டினார்கள். பன்னிரண்டுக்கு முற்றத்தில் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள், ஐநூறில் நிற்கும் வீட்டைப் பார்ப்பது அங்கே கிரிக்கெட் பார்ப்பதுபோல. பாவாயக்கா மாவுக் கையோடு சுவரோரம் நின்றாள், கண்டக்டர் வாட்சைப் பார்த்தபடி நின்றார்.

பன்னிரண்டேகாலுக்குக் கேட் பக்கம் சைக்கிள் மணி கேட்டது. கேட்டிலிருந்து மூன்றாம் வீட்டுக்கு இருபது அடி. மயில்சாமி எழுந்தான்.

அப்போது துணி துவைக்கிற கல்மேல் அந்தக் காக்கை வந்து உட்கார்ந்தது. சஷ்மி கையைத் தூக்கினாள். ஒரு வாரமாக எதையும் கேட்டுத் தூக்காத கை. "ஊ?" என்று கேட்டாள், மிகவும் மெதுவாக, கேட்கலாமா என்று கேட்கிற மாதிரி.

மயில்சாமி ஒரு கையை நீட்டி மனைவியைப் பார்த்தான், அந்தக் கையில் கெஞ்சல் இருந்தது, இருபது அடி, இருபதே அடி. கோகிலவாணி அந்தக் கையைப் பார்த்தாள், ஈரோட்டுப் பஸ்ஸைப் பார்த்தாள், ஹெச்செம் முகத்தைப் பார்த்தாள், குழந்தையின் கை மெல்லக் கீழே இறங்க ஆரம்பிப்பதைப் பார்த்தாள். அது முழுசாக இறங்கிவிட்டால் இனிமேல் எழும்பாது என்று அவளுக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

"காக்கா" என்றாள். முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "அது காக்கா, கண்ணு."

சிவப்புப் புள்ளி மினுக்கியது. ஐநூற்று ஒன்று. முற்றத்தில் எல்லாரும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள், மயில்சாமி நீட்டிய கையாலேயே தலையைப் பிடித்துக்கொண்டான்.

சஷ்மி மீட்டரைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தாள், அந்த வாய் இன்னும் திறந்திருந்தது. கோகிலவாணி மண்டிபோட்டு உட்கார்ந்தாள், குரல் உடைய உடையச் சொல்லிக்கொண்டு போனாள். "அந்தக் காக்காவுக்கு ஒரு நாள் ஒரு முறுக்கு கெடச்சுதாம்…"

அங்கே நிறுத்தினாள். நாலு வருஷமாக எங்கேயும் நிறுத்தாமல் பேசினவள், ம் கொட்டுவதற்கு இடம் விட்டு, முதல்முறையாக நிறுத்திக் காத்திருந்தாள். சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

"ம்" என்றாள் சஷ்மி.

மீட்டர் மினுக்கியது.

பாவாயக்கா மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். கோகிலவாணிக்குக் கதை நின்றுவிட்டது, கண்ணீர் மட்டும் வந்தது. குழந்தை பொறுத்துப் பார்த்தது, அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. "பொறவு?" என்று கேட்டது.

"பொறவா? சொல்றேன் சாமி, சொல்றேன்."

"சொல்லு அம்மிணி" என்றாள் நாச்சம்மாள் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து, பொது மீட்டர் மினுக்க மினுக்க. ஒரு ஜன்னலும் முறைக்கவில்லை.

ரீடிங்காரர் மீட்டருக்கு அடியில் அட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவர் பார்க்கப் பார்க்கவே எண் மாறிக்கொண்டிருந்தது. ஐநூற்று இரண்டு, ஐநூற்று மூன்று. பேனா அட்டைமேல் இறங்காமல் தயங்கியது.

"என்னன்னுங்க எழுதறது?" என்று மயில்சாமியைக் கேட்டார்.

வீட்டில் மாதக்கணக்காகத் தலையை மட்டுமே ஆட்டிக்கொண்டிருந்த மயில்சாமி அந்த ஸ்டூலை எடுத்து அவருக்குப் போட்டான். "உக்காருங்க" என்றான். "கதை முடியட்டும்."